பால்மாவில் உறங்கும் கிருமி

லோபாக், சிரம்பான் வட்டாரக் கடைகளில் அடுக்கியிருக்கும் குழந்தைப் பால்மாவு டின்கள் காற்றுப் புகாதபடி மூடப்பட்டவைதான். ஆனாலும் உள்ளே இருக்கும் மாவு முற்றிலும் கிருமி நீக்கப்பட்டதல்ல. ஈரமே இல்லாத அந்த மாவில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்க வல்லது ‘குரோனோபாக்டர் சகாசாகி’ என்ற பாக்டீரியா. வெதுவெதுப்பான நீர் பட்டால் போதும், விழித்துப் பெருகும்.

இது தாக்குவது அரிது. தாக்கினால் பச்சிளங்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலும் இரத்தத் தொற்றும் வரும். 2001இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மருத்துவமனையில் இருந்த ஒரு குழந்தை இதனால் இறந்தது. கிருமி பால்மாவிலிருந்து வந்தது எனக் கண்டறிந்தார்கள்.

கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத்தர அமைப்பு 2008இல் வெளியிட்ட விதிப்படி, 10 கிராம் வீதம் 30 மாதிரிகளைச் சோதிக்க வேண்டும். ஒன்றில்கூட இக்கிருமி இருக்கக் கூடாது.

மாதிரியில் ஓரிரு உயிரணுக்களே இருக்கலாம் என்பதால் முதலில் அவற்றைப் பெருக்க வேண்டும். மாவைச் சத்துநீரில் கரைத்து ஏறத்தாழ 18 மணி நேரம் இளஞ்சூட்டில் வைப்பார்கள். பிறகு மற்றக் கிருமிகளை அடக்கும் கரைசலில் ஒரு நாள், நிறம் காட்டும் தட்டில் இன்னொரு நாள். நீலப்பச்சைப் புள்ளிகள் தோன்றினால் சந்தேகம் வலுக்கும். உறுதிசெய்ய மேலும் சோதனைகள் உண்டு. அதுவரை சரக்கு கிடங்கில் காத்திருக்கும்.

இந்தக் காத்திருப்பைக் குறைப்பவைதான் விரைவுச் சோதனைகள். பிசிஆர் கருவி கிருமிக்கே உரிய டிஎன்ஏ துண்டைச் சூடேற்றியும் குளிர்வித்தும் கோடிக்கணக்கில் நகலெடுக்கிறது. ஜப்பானியர் உருவாக்கிய ‘லாம்ப்’ முறைக்கு 60 முதல் 65 டிகிரி வரையிலான ஒரே வெப்பநிலை போதும். ஒரு மணி நேரத்துக்குள் குழாயில் திரவம் வெண்மையாகக் கலங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இங்கும் முதல் கட்டமாகக் கிருமியைப் பெருக்கியாக வேண்டும். செத்த கிருமியின் டிஎன்ஏவும் சிக்கக்கூடும் என்பதால், விடை ‘உண்டு’ என வந்தால் தட்டில் வளர்த்தும் பார்க்கிறார்கள்.

எத்தனை மாதிரி எடுத்தாலும் ஒவ்வொரு டின்னையும் சோதிக்க முடியாது. அதனால்தான் வீட்டிலும் கவனம் தேவை. கொதிக்கவைத்த நீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் மாவைக் கலக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்தச் சூடு இக்கிருமியைக் கொன்றுவிடும். குறைமாதக் குழந்தைகளுக்கும் இரண்டு மாதம் நிரம்பாதவர்களுக்கும் இது மிகவும் அவசியம். கலக்கிய பாலைக் குளிர்நீரில் புட்டியோடு வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துப் புகட்டலாம். இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காத பாலைக் கொட்டிவிட வேண்டும்.