லாரியின் சூடு தணிக்கும் விசிறிக் கிளட்ச்

காலையில் சீவிய பால் நிறுக்கும் கொட்டகையைக் கடந்து லாரித் தொட்டியில் ஏறிய பின்னர், வழியில் தாமதத்திற்கு இடமில்லை. போதிய அம்மோனியா சேராத பால் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கும். உறைந்துவிட்டால் கட்டிப்பாலுக்குரிய விலையே கிடைக்கும். சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் புக்கிட் புத்துஸ் மலைப்பாதையிலும், ஜெலுபு செல்லும் புக்கிட் தங்கா ஏற்றத்திலும் எஞ்சின் கொதித்து லாரி நின்றுவிட்டால், அன்றைய உழைப்பே வீணாகலாம். இவ்வாறு கொதிப்பதற்கான காரணங்களுள் ஒன்று, ரேடியேட்டரின் பின்னே இருக்கும் விசிறிக் கிளட்சின் பழுதாகும்.

செயல்படும் விதம்

சில லாரிகளில் விசிறி நேரடியாகத் தண்டுடன் பிணைக்கப்பட்டிருக்கும். பல டீசல் லாரிகளிலோ இடையில் ஒரு கிளட்ச் உண்டு. விசிறியின் வேகம் இரு மடங்கானால் அதைச் சுழற்ற எட்டு மடங்கு ஆற்றல் தேவைப்படும். ஆகவே, தேவையற்ற வேளையில் விசிறியை மெதுவாகச் சுழலவிட்டு டீசலை மிச்சப்படுத்துவதே கிளட்சின் பணி.

கிளட்சினுள் தடித்த சிலிக்கோன் எண்ணெய் உள்ளது. அதன் முகப்பில் இரு உலோகங்களை இணைத்துச் செய்த சுருள் ஒன்று காணப்படும். ரேடியேட்டரிலிருந்து வரும் வெப்பக் காற்று பட்டதும் சுருள் திரும்பி, உள்ளே ஒரு வழியைத் திறக்கும். எண்ணெய் வரிப்பள்ளங்களுக்குள் பாய்ந்து விசிறியை இழுத்துச் சுழற்றும். காற்று தணிந்ததும் வழி மூடிக்கொள்ள, எண்ணெய் தன் அறைக்குத் திரும்பும்.

பழுதை அறிதல்

இக்கிளட்ச் இரு விதமாகக் கெடும். எண்ணெய் கசிந்துவிட்டால் பிடிப்புத் தளர்ந்து விசிறி வேகம் பெறாது. அப்போது நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றினால் சூடு அடங்கியிருக்கும். பாரத்துடன் ஏற்றத்தில் மெதுவாக ஊரும்போதோ, நின்றபடி எஞ்சின் ஓடும்போதோ வெப்பமுள் மேலேறும். மாறாக, கிளட்ச் இறுகிவிட்டால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் விசிறி ஓயாது இரைந்துகொண்டிருக்கும். இழுவை குறையும், டீசல் கூடுதலாகச் செலவாகும். காலையில் எஞ்சினை முடுக்கியதும் ஓரிரு நிமிடம் இரைந்து பின் அடங்குவது இயல்பே, அது பழுதன்று.

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, நன்கு ஆறிய பின்னர் விசிறியைக் கையால் சுழற்றிப் பார்க்கவேண்டும். மிதமான தடையுடன் சுழன்றால் நலம். தடையின்றிப் பல சுற்றுகள் ஓடினாலும், சற்றும் அசைய மறுத்தாலும் கிளட்ச் கெட்டதாகக் கொள்ளலாம். கிளட்சின் நடுவிலிருந்து வெளிப்புறமாக எண்ணெய்க் கறை பரவியிருத்தல், சுருள் உடைந்திருத்தல், விசிறி முன்னும் பின்னும் ஆடுதல் ஆகியவையும் பழுதின் அடையாளங்களே.

எனினும், ரேடியேட்டர் நீர் குறைவு, தளர்ந்த பெல்ட், சேறும் இலையும் அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட் ஆகியவற்றாலும் எஞ்சின் கொதிக்கும். இவற்றை முதலில் சோதிக்காமல் கிளட்சை வாங்குவது வீண் செலவாகும்.

மாற்றும் முறை

சமதரையில் லாரியை நிறுத்தி, கைபிரேக் இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றவேண்டும். ஓட்டுநர் அறையைத் தூக்கும் வகையாயின் தாங்குகோல் பூட்டப்பட்டதை உறுதி செய்தல் கட்டாயம். பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே கிளட்ச் நட்டுகளைத் தளர்த்தினால் கப்பி சுழலாது. சில வகைகளில் ஒரே பெரிய நட்டு உண்டு. அது இடப்புரியா வலப்புரியா என்பதைக் கையேட்டில் பார்த்தபின் திருகுதல் நன்று. விசிறியைச் சுற்றியுள்ள கூட்டின் திருகுகளைக் கழற்றி, விசிறியைக் கிளட்சுடன் வெளியே எடுக்கலாம். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் இடிபடாதிருக்க நடுவே ஓர் அட்டையை வைக்கவேண்டும்.

புதிய கிளட்சைப் படுக்கவைத்தால் எண்ணெய் கசியக்கூடும், நிமிர்த்தியே வைக்கவேண்டும். நீர்ப் பம்பின் தண்டு ஆடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். விசிறி இதழில் வெடிப்பிருந்தால் பற்றவைக்காமல் புதியதையே மாட்டவேண்டும். வேகத்தில் உடையும் இதழ் ஆளைக் கொல்லவல்லது. விசிறியின் முன்பக்கம் மாறாமல் பொருத்தி, நட்டுகளைக் கையேடு கூறும் அளவுக்கு முறுக்கி, விசிறி கூட்டில் உரசாமல் சுழல்வதைக் கையால் பார்த்த பின்னரே எஞ்சினை முடுக்கவேண்டும்.

கிளட்சைப் பற்றவைத்து விசிறியை நிரந்தரமாக இறுக்கிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனால் டீசல் வீணாவதோடு, ஓயாத சுமையால் பெல்ட்டும் நீர்ப் பம்பும் விரைவில் தேய்கின்றன.

வழியில் எஞ்சின் கொதித்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடவேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். கொதித்த எஞ்சினில் குளிர்நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கலாம். அப்படியே ஓட்டிச் சென்றாலோ சிலிண்டர் தலை வளைந்து, கேஸ்கெட் கருகி, செலவு பன்மடங்காகும்.

பழுதைக் கண்டவர் தாமதமின்றிப் பட்டறைக்கோ நிர்வாகத்திற்கோ தெரிவித்தல் கடமை. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தப்படி, உடனடி ஆபத்து உண்டென நம்பத் தக்க காரணமிருந்து, முதலாளி அதனை நீக்காதபோது, அவ்விடத்தினின்று விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளருக்கு உண்டு. காலையில் புறப்படுமுன் விசிறியை ஒருமுறை கையால் சுழற்றிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் பாலையும் காக்கும், ஆளையும் காக்கும்.