உஷார்! உங்கள் பயணம் யார் கணக்கிலும் இல்லை

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கேளம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களே, உஷார்! 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் பெரும் பரப்பு இப்போது அதற்குள் இருக்கிறது. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் தனித்தனிப் புதுநகர வளர்ச்சித் திட்டங்கள் வேறு. எந்த ஊருக்கு பஸ், எந்த ரோடு அகலமாகும் என்பதெல்லாம் பெரும்பாலும் இவற்றைப் பொறுத்தே அமையும். எந்தக் கணக்கை வைத்து முடிவு செய்வார்கள் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2011-ல். அப்போது இந்தப் பகுதி காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று அதில் கேட்டார்கள். ஆனால் விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத்தொழில் செய்பவர் ஆகியோருக்கு அந்தக் கேள்வி இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும், செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகும் பாட்டியும் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

சரி, ரோட்டில் வண்டிகளையாவது ஒழுங்காக எண்ணுகிறார்களா? செங்கல்பட்டு அருகே இருக்கும் பரனூர் டோல்கேட்டைப் பாருங்கள். 2020 மார்ச் வரையிலான ஒரு காலத்தில் அங்கே கடந்த வண்டிகளில் பாதிக்கும் மேல் கட்டணவிலக்குப் பெற்றவை என்று பதிவாகியிருந்ததை மத்திய தணிக்கைத் துறையே சுட்டிக்காட்டியது. ஒவ்வொரு வண்டியும் நின்று போகும் இடத்திலேயே பதிவு இந்த லட்சணம் என்றால், டோல்கேட்டே இல்லாத கிராமத்துச் சாலைக் கணக்கை என்னவென்று நம்புவது?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பஸ் இல்லாத ஊரில் பஸ்ஸில் போகிறவர் இருக்க மாட்டார். கணக்கெடுப்பவர் தாளில் அது 'பயணிகள் இல்லை' என்று ஏறும். பயணிகள் இல்லாததால் பஸ் தேவையில்லை என்று அடுத்த திட்டம் சொல்லும். ஒரு மணி நேரம் ஸ்டாப்பிங்கில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிய பெண்ணை எந்தக் கருவியும் எண்ணுவதில்லை. பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போகும் ஷேர் ஆட்டோவும், ஒருவர் மட்டும் போகும் ஆட்டோவும் வண்டிக் கணக்கில் ஒன்றுதான். சிறுசேரிக்கும் மறைமலைநகருக்கும் ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்களோ அரசு டிக்கெட் கணக்கில் சேராது.

மாமல்லபுரத்தின் சிக்கல் தனி. 2011 கணக்குப்படி அங்கே குடியிருப்பவர்கள் சுமார் 15,000 பேர். வீடுவீடாகக் கேட்டால் அவ்வளவுதான் கிடைக்கும். சனி, ஞாயிறு, காணும் பொங்கல், இருளர் மக்கள் கடற்கரையில் கூடும் மாசி மகம் என வரும் கூட்டமெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? வாரநாள் ஒன்றில் எண்ணிவிட்டு அதுவே மாமல்லபுரம் என்றால் அது பொய்க் கணக்கு.

கணக்குப் பிசகினால் என்ன ஆகும் என்று கிளாம்பாக்கத்தில் பார்த்துவிட்டோம். 2023 டிசம்பரில் பேருந்து முனையம் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. அடுத்த பிப்ரவரியில் ஊருக்குப் போக பஸ் கிடைக்காத பயணிகள் நள்ளிரவில் மறியலில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு நின்றவர்களை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

செல்போன் செயலிகள் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவரின் பயணம் அதில் பதிவாகாது.

ஆகவே, கட்டணமில்லாப் பயணம் என்றாலும் பெண்கள் கண்டக்டரிடம் டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். இறங்கும் இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். அந்தச் சீட்டுதான் உங்கள் தலைக்கணக்கு. பயணக் கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வந்தால் குடும்பத் தலைவர் மட்டும் பேசி அனுப்பிவிட வேண்டாம். சந்தை, டியூஷன், ஆஸ்பத்திரி, ஸ்டாப்பிங் வரை நடந்த தூரம், பஸ் இல்லாததால் கைவிட்ட வேலை என எல்லாவற்றையும் வீட்டுப் பெண்களே சொல்லட்டும். திட்ட வரைவு மக்கள் கருத்துக்கு வந்தால் எந்த மாதம், எந்தக் கிழமை, எந்த இடத்தில் எண்ணினீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். கிராமசபையில் இதைத் தீர்மானமாகவே போடலாம். வரைவு இறுதியாகும் முன்பே கேட்டாக வேண்டும்.