மலைக்கோட்டைக்கு ஆனி, ராஜகோபுரத்துக்கு மார்கழி

புகைப்படக் கலையைப் புதிதாகப் பயில விரும்புகிறவர்கள் எந்தக் காமிராவை வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். திருச்சிராப்பள்ளியின் மலையையும் ஆற்றையும் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களையும் படமெடுக்க ஆசைப்படுகிறவராயின், காமிராவுக்கு முன்னால் அவர் வாங்கவேண்டியது ஒரு பஞ்சாங்கம் என்பது என் அபிப்பிராயம். கைத்தொலைபேசியே காமிராவாகிவிட்ட இந்நாளில் கருவி எல்லோரிடமும் இருக்கிறது. எந்த மாதத்தில், எந்த வேளையில், எத்திசை நோக்கி நிற்பது என்பதை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

இவ்வூரின் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. காவிரியின் தென்கரையில் 83 மீட்டர் உயரமுள்ள மலைக்கோட்டைப் பாறை எழும்பியிருக்கிறது. வடகரையில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில், ஸ்ரீரங்கம் கோவிலின் 236 அடி உயரமுள்ள பதின்மூன்று நிலை ராஜகோபுரம் தென்திசை நோக்கி நிற்கிறது. ஆகவே ஆற்றங்கரையிலிருந்து மலையைப் பார்க்கிறவன் தெற்கு நோக்கியும், பாறையின் உச்சியிலுள்ள பிள்ளையார் சந்நிதியிலிருந்து கோபுரத்தைப் பார்க்கிறவன் வடக்கு நோக்கியும் நிற்கவேண்டியவனாகிறான். மார்கழியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை தெற்கே விலகி உதிக்கிறான்; ஆனியின் தொடக்கத்திலோ அதே அளவு வடக்கே விலகி உதிக்கிறான். இதன் பயனாக, மார்கழிக் காலையில் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வரும் கிரணங்கள் ராஜகோபுரத்தின் முகத்தில் பட்டு, நிலைக்கு நிலை சுதைச் சிற்பங்களை நிழலோடு பிரித்துக் காட்டுகின்ற அதே வேளையில், ஸ்ரீரங்கக் கரையிலுள்ள அம்மா மண்டபத்துப் படித்துறையிலிருந்து பார்த்தால் மலைக்கோட்டை ஒளியைத் தன் பின்னால் வைத்துக்கொண்டு கரிய உருவமாகவே தோன்றும். ஆனி மாலையில் எல்லாம் மாறிவிடும். வடமேற்கில் இறங்கும் சூரியன் பாறையின் ஆற்றுப்பக்கத்தைப் பொன்னிறமாக்க, கோபுரத்தின் தென்முகம் நிழலில் ஆழ்ந்து கிடக்கும். பங்காளிகள் இருவர் ஒரே வாய்க்காலின் நீரை முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்வதைப் போல, மலையும் கோபுரமும் வருஷத்தின் வெளிச்சத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணித் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் இவ்வூருக்கு நேர் உச்சியில் நிற்பான். அந்நேரத்தில் காமிராவை உறையிலிட்டுவிட்டுச் சாப்பிடப் போவதே உசிதம்.

ஆற்றையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. நீர்வரத்துக் குறைந்த வருஷங்களில் அது தள்ளிப்போவதும் உண்டு. திறந்த நீர், கொள்ளிடம் பிரியும் முக்கொம்பைக் கடந்து வந்து ஆடிப்பெருக்கின்போது கரைக்குக் கரை ஓடுகின்ற நாட்களில், மலையின் வடமுகத்துக்கு மாலை வெளிச்சமும் வாய்த்திருப்பது இவ்வூர்ப் படக்காரர்களின் பாக்கியம். பங்குனியில் வருகிறவருக்கு மணலே காட்சி. அதுவும் அழகுதான், ஆனால் அதற்கு வேறு கண் வேண்டும்.

உச்சிப் பிள்ளையார் கோவிலிலிருந்து கோபுரத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்துவிட்டு ஏமாந்து இறங்குகிறவர்கள் பலர். கோபுரம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் இருக்கிறது. 24 மில்லிமீட்டர் உயரமுள்ள முழுச்சட்ட சென்சாரில், 24 மி.மீ. லென்ஸ் வழியாக அது விழும் அளவு அரை மில்லிமீட்டர்தான், 200 மி.மீ. லென்ஸ் வழியாகவோ நாலு மில்லிமீட்டருக்கு மேல் வரும். கைத்தொலைபேசியின் பிரதான லென்ஸ் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்ததாகையால், கண்ணுக்கு அத்தனை கம்பீரமாகத் தெரிந்த கோபுரம் படத்தில் ஒரு துரும்பாகிவிடுகிறது. நம் கண் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளும். லென்ஸுக்கு அந்தப் பட்சபாதம் தெரியாது.

வெளிச்சத்தின் விஷயத்திலும் அப்படியே. விடியற்காலை வானத்துக்கும் அதன் கீழுள்ள பாறையின் நிழற்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் எளிதில் சமாளித்துவிடுகிறது. காமிராவோ இரண்டுக்கும் ஒரு சராசரி கண்டு வானத்தை வெளிறச் செய்துவிடுகிறது. வெளிறிய இடத்தில் பிறகு மீட்பதற்கு ஒன்றும் இராது. ஆகையால் வானம் கெடாத அளவுக்கு எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்து, ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்து எடுப்பது நலம். படத்தை ‘ரா’ கோப்பாகச் சேமிப்பதன் அவசியமும் இங்கேதான் விளங்கும்: சாதாரண ஜேபெக் கோப்பு ஒவ்வொரு வர்ணத்துக்கும் 256 படிகளை மட்டுமே வைத்துக்கொள்ள, 14 பிட் ரா கோப்பு 16,384 படிகளை வைத்துக்கொள்கிறது. இருளில் கிடக்கும் பாறையைக் கணினியில் சற்றே வெளிச்சமாக்கும்போது, முன்னதில் அழுக்குத் திட்டுகள் கிளம்பும்; பின்னதில் பாறையின் வரிகள் தெரியும்.

கணினியில் படத்தைத் திருத்துவது பொய் என்று கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காப்டன் லின்னேயஸ் ட்ரைப்பின் கதையைச் சொல்லவேண்டும். 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்து, கிழக்கிந்தியக் கும்பெனியின் சென்னைப் படையில் உத்தியோகம் பார்த்த அவர், 1855-இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய்ப் படமெடுத்துத் திரும்பியபின், 1856-இல் சென்னை மாகாண சர்க்காரின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். 1857 டிசம்பரில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களை எடுத்து, மறு வருஷமே தொகுதிகளாக வெளியிட்டார். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்து அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இன்று கைத்தொலைபேசியில் ‘பனோரமா’ என்று பொத்தானை அழுத்துகிறவர்கள் எவருடைய வம்சம் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அவர் பெரும்பாலும் கையாண்டது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். அக்காலத்து ரசாயனங்கள் நீல ஒளிக்கே மிகுதியாக வசப்பட்டவையாதலால், மலையும் மரமும் பதிவதற்குள் நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சிட்ட படத்தில் வெறும் வெள்ளைத் தாளாய் நின்றது. ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மீது தூரிகையால் வர்ணம் பூசி மேகங்களைத் தாமே வரைந்தார். மர இலைகளையும் அவ்வாறே செப்பனிட்டார். பின்னாளில் நம்மூர் ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவில் பென்சிலால் ‘டச்சிங்’ செய்து கலியாணப் பெண்ணின் அம்மைத் தழும்பை மறைத்ததும் இதே மரபைச் சேர்ந்ததுதான். 1859-இல் சென்னைக் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் ட்ரைப்பின் படப்பணியைச் செலவு மிகுந்ததென்று கருதி நிறுத்திவிட்டார்.

அப்படியானால் நாமும் மேகம் வரையலாமா? போட்டோஷாப்பில் 2020 முதல் வானத்தையே மாற்றிவைக்கும் வசதி வந்துவிட்டது. ஒரு சொடுக்கில் எந்த ஊர் வானமும் ராஜகோபுரத்தின்மேல் வந்து அமர்கிறது. ட்ரைப்பின் ரசாயனத்துக்கு மேகத்தைக் காணும் சக்தி இல்லை. இருந்த மேகத்தை இழந்தவர், அவ்விழப்பை ஈடுசெய்தார். நம் சென்சாருக்கோ மேகம் நன்றாகவே தெரிகிறது. மேகமில்லாத நாளில் போய்விட்டு அதை இரவல் வாங்குவது, இன்னொரு நாள் போகச் சோம்பல்படுவதன்றி வேறென்ன? என்னைக் கேட்டால், திருத்துகிறவர் முதலில் வெண்மைச் சமநிலையைச் சரிசெய்து, பிறகு நிழலைச் சற்றே திறந்து, வானத்தைச் சற்றே அடக்கி, அத்தோடு எழுந்துவிடவேண்டும். ராஜகோபுரத்தின் பஞ்சவர்ணத்துக்கு ‘சாச்சுரேஷன்’ என்னும் வர்ணச்செறிவு முள்ளை மேலே தள்ளுவது அநாவசியம். அதற்குப் பதிலாகச் சற்றுக் குறைத்தால் சிற்பங்களின் உருவம் தெளிவுபடும். இதற்கெல்லாம் பணம் கொடுத்து மென்பொருள் வாங்கவேண்டியதுமில்லை. டார்க்டேபிள், ஜிம்ப் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ரா கோப்பின்மேல் செய்யும் திருத்தங்கள் மூலத்தைத் தொடாமல் தனியே பதிவாவதால், வேண்டும்போது அவற்றை நீக்கிவிடலாம். ட்ரைப்பின் மேகங்களை அவருடைய நெகட்டிவிலிருந்து இனி யாராலும் கழுவி எடுக்க முடியாது.

பயிற்சிக்கு ஒன்று சொல்லலாம். பிரிட்டிஷ் நூலகத்திலும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் ட்ரைப்பின் படங்கள் பத்திரமாக உள்ளன. அவற்றின் பிரதியொன்றை வைத்துக்கொண்டு அதே கோணத்தைத் தேடிப் போவது, பத்துப் புத்தகங்கள் கற்பிக்காததைக் கற்பிக்கும். ஆனால் ராஜகோபுரத்தை மட்டும் அப்படித் தேடவேண்டாம். அவர் வந்தபோது அங்கிருந்தது நூற்றாண்டுகளாக நிறைவுபெறாது நின்ற மொட்டைக் கோபுரமே. நிலைகள் எழும்பிக் கும்பாபிஷேகம் நடந்தது 1987-இல். இன்று அதனடியில் நின்று முழுக் கோபுரத்தையும் அகல லென்ஸில் அடக்க முயன்றால், காமிராவை அண்ணாந்து பிடிக்கவேண்டியிருப்பதால் இரு விளிம்புகளும் உச்சியை நோக்கி அளவுக்கு மீறிக் குறுகிப் பின்னே சாய்வதுபோல் தோன்றும். தெருவில் முடிந்தவரை பின்வாங்கி எடுத்து, மிச்சத்தைக் கணினியில் நிமிர்த்திக்கொள்ளலாம். முற்றிலும் நிமிர்த்தினால் மேல்நிலைகள் பருத்துவிடுமாகையால், சிறிது சாய்வை விட்டுவைப்பது நல்லது.