உங்களுக்குத் தெரியுமா? – பந்தயக் குதிரைக்கு ஓர் ஊசி

● முழுப் பாய்ச்சலில் ஓடும் பந்தயக் குதிரைக்கு நுரையீரலுக்குள் ரத்தம் கசியும். அங்குள்ள தமனியில் அழுத்தம் 100 மி.மீ. பாதரச அளவுக்கு எகிற, நுண்குழாய்கள் கிழிந்துவிடுகின்றன. மூக்கில் ரத்தம் வழிவது சில குதிரைகளுக்குத்தான். மற்றவற்றுக்கு, ஓடி முடித்தபின் எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தால்தான் மூச்சுக்குழாயில் சிவப்புக் கோடு தெரியும்.

● இதற்குத் தரும் மருந்து, இதய நோயாளிகளுக்கு நீர் பிரிவதற்காகக் கொடுக்கும் அதே லேசிக்ஸ்! அமெரிக்காவில் பல ரேஸ்களுக்கு 4 மணி நேரம் முன்பு ஊசியாகப் போடுவார்கள். குதிரை சிறுநீராகவே 10 கிலோ அளவுக்கு எடை இழக்கும். சேணத்தில் ஈயத் தகடு செருகி, சுமையைக் கிலோக் கணக்கில் சரிகட்டும் விளையாட்டு இது.

● 1970-களில் தொடங்கி அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாக இந்த ஊசியை அனுமதித்தன. கடைசிவரை மறுத்துவந்த நியூயார்க் 1995-இல் இறங்கிவந்தது.

● உறுதியான சான்று கிடைத்ததோ 2009-இல்தான். தென்னாப்பிரிக்காவில் 167 குதிரைகளை இரண்டு முறை ஓடவிட்டார்கள். ஒருமுறை லேசிக்ஸ், ஒருமுறை வெறும் உப்புநீர். எந்தக் குதிரைக்கு எது போனது என்று பரிசோதித்தவர்களுக்கே தெரியாது. உப்புநீர் ஏற்றியபோது ரத்தக்கசிவு வாய்ப்பு 3 முதல் 4 மடங்கு அதிகம்!

● அத்துடன் வழக்கு முடிந்ததா? இல்லை. அமெரிக்கா, கனடாவில் ஓடிய 22,589 குதிரைகளை ஆராய்ந்து 1999-இல் வெளியான ஆய்வில், லேசிக்ஸ் போட்டவை வேகமாக ஓடி, பரிசுப் பணமும் அதிகம் வென்றிருந்தன. நுரையீரல் தப்பியதாலா, எடை குறைந்ததாலா? சண்டை இங்கேதான்.

● பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் பயிற்சியின்போது லேசிக்ஸ் போடலாம். பந்தய நாளில் கூடாது. ஆஸ்திரேலியாவில் இரண்டு நாசியிலும் ரத்தம் வந்தால் 3 மாதம் தடை. மறுபடி வந்தால் ஆயுள் தடை.

● அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயம் 2021-இல் லேசிக்ஸ் இல்லாமல் நடந்தது. ஆனால், முதலில் வந்த மெடினா ஸ்பிரிட் வேறொரு மருந்தில் மாட்டிக்கொண்டது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 21 பிகோகிராம் பீட்டாமெத்தசோன்! (ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கே பிகோகிராம்.) தோல் களிம்பிலிருந்து வந்தது, ஓட்டத்துக்கு உதவியிருக்காது என்ற வாதம் எடுபடவில்லை. பந்தய நாளில் அந்த மருந்து ரத்தத்தில் துளியும் இருக்கக் கூடாது என்பது விதி. 2022-இல் பட்டம் மாண்டலூன் என்ற குதிரைக்குப் போனது.

● ‘மருந்து பலவீனத்தை மறைக்கிறது, அது வம்சத்தில் தங்கிவிடும்’ என்பது எதிர்ப்பாளர்கள் கட்சி. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரத்தக்கசிவால் ரேஸுக்கே போகாத ஒரு குதிரைக்கு ‘பிளீடிங் சைல்டர்ஸ்’ என்றே பெயர். தோல்வியே காணாத எக்லிப்ஸ் அதன் கொள்ளுப்பேரன். இன்றைய தரோபிரெட் பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை ஆண்வழியில் எக்லிப்ஸின் வாரிசுகள்!