ஒதுக்கி வைத்த நாடாக்கள்

பிங்க் ஃபிளாய்ட் குழு 1993-இல் 'தி டிவிஷன் பெல்' தொகுப்புக்காக மணிக்கணக்கில் வாசித்துப் பதிவு செய்தது. வேண்டியது போக மீதியை ஒதுக்கி வைத்தார்கள். 2008-இல் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் ரைட் காலமானார். அவர் வாசித்ததெல்லாம் அந்தப் பதிவுகளில் பத்திரமாக இருந்தது. குழுவின் மற்ற இருவரான டேவிட் கில்மரும் நிக் மேசனும் அவற்றைத் தேடியெடுத்து, புதிதாக கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்து, 2014-இல் 'தி எண்ட்லெஸ் ரிவர்' என்று வெளியிட்டார்கள். பெரும்பாலும் வாத்திய இசைதான். பாடல் ஒன்றே ஒன்று. பழைய நண்பருக்கு இதைவிட நல்ல அஞ்சலி ஏது? அதிலும் 'ஆட்டம் 68' (Autumn '68) என்ற பகுதியை அவசியம் கேளுங்கள். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலின் பிரம்மாண்டமான குழாய் ஆர்கனில், 1969-இல் ரைட் வாசித்தது அதில் ஒலிக்கிறது.