அழகுக்கு ஆயுள் உண்டா?

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ருவான்வெல்லைக் கடைத்தெருவில் சிறு கூட்டம் ஒன்று கூடியிருந்தது. யாருக்கு என்ன நேர்ந்ததோ என்று எண்ணி நாமும் எட்டிப் பார்த்தோம். நடுவே நின்றது ஒரு மோட்டார் வண்டி! நீண்ட மூக்கு, தாழ்ந்து சரியும் கூரை, பக்கத்துக்கு ஒரே கதவு, குங்குமச் சிவப்பு நிறம். பாடசாலைப் பிள்ளைகள் அதன் பளபளப்பில் தங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தனர்.

வண்டி விற்பனைக்கு வந்தது. வாங்க எண்ணியவர் நமக்குத் தெரிந்த இளைஞர். அருகிலுள்ள இறப்பர்த் தோட்டத்தின் லயத்திலே பிறந்து வளர்ந்து, எட்டு ஆண்டுகள் வளைகுடா நாடொன்றில் வெயிலில் உழைத்துத் திரும்பியவர். தந்தையார் இன்றும் விடியற்காலையில் கத்தியோடு இறப்பர் மரங்களை நோக்கிப் போகிறவர். தங்கை பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். எட்டு ஆண்டுச் சேமிப்பில் பெரும்பகுதி அந்தச் சிவப்பு வண்டிக்குப் போகவிருந்தது.

“ஐயா, இதை எத்தனை வருஷம் பாவிக்கலாம்?” என்று அவர் நம்மைக் கேட்டார். “லயத்துப் பாதையில் இது ஏறுமா? நடுச்சாமத்தில் ஒருவருக்கு நோய் என்றால் கரவனெல்லை ஆஸ்பத்திரி வரையில் போய்ச் சேருமா?” என்று கேட்டார் தந்தையார். இரண்டும் ஒரே கேள்வியின் இரு முகங்கள். அன்று உடனே விடை கூற நமக்கு இயலவில்லை. வீடு திரும்பி ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

வெட்டிய வண்டி

‘கூப்பே’ என்பது பிரெஞ்சுச் சொல். ‘வெட்டப்பட்டது’ என்பது அதன் பொருள். குதிரை வண்டிக் காலத்தில், எதிரெதிராக அமைந்த இரு ஆசனங்களில் ஒன்றை வெட்டி நீக்கிச் சிறிய அழகிய வண்டி செய்தனர். அப்பெயரே பின்னர் மோட்டார் வண்டிக்கும் வந்தது. ஆகவே கூப்பே என்பது பிறப்பிலேயே தியாகம் செய்த வண்டி. பின்னாசனத்தில் பாட்டியை வசதியாக இருத்த முடியாது. அரிசி மூட்டை ஏற்ற இடம் போதாது. இவ்வளவையும் இழந்து அது பெறுவது அழகு ஒன்றையே.

அழகை விரும்புவது குற்றமா? அன்று. ஆயினும் அந்த அழகு எவ்வளவு காலம் நம்மோடு ஓடும் என்று கேட்பது குடும்பஸ்தனின் கடமை. அதற்கு உலகமறிந்த ஒரு சான்று உண்டு.

முப்பது இலட்சம் மைல்

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், லோங் ஐலண்டில், இர்வ் கோர்டன் என்னும் விஞ்ஞான ஆசிரியர் இருந்தார். 1966 ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் அவர் சிவப்பு நிறக் கூப்பே ஒன்றை வாங்கினார். அது சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தின் ‘பி 1800 எஸ்’. விலை 4,150 டொலர். அவருடைய ஓராண்டுச் சம்பளத்துக்கு ஏறத்தாழ ஈடான தொகை அது! நம் இளைஞரைப் போலவே அவரும் தம் சக்திக்கு மிஞ்சித்தான் அழகை வாங்கினார்.

வாங்கிய வாரவிடுமுறையிலேயே 1,500 மைல் ஓட்டி மகிழ்ந்தாராம். பின்னர் பாடசாலைக்கும் அதிலேயே போய் வந்தார். நாளொன்றுக்கு 125 மைல். 1987 இல் பத்து இலட்சம் மைலும், 2002 இல் இருபது இலட்சமும், 2013 செப்டெம்பரில் அலாஸ்காவில் வைத்து முப்பது இலட்சமும் நிறைவுற்றன. தனியொருவர் ஒரே வண்டியில் மிக அதிக தூரம் ஓடியமைக்காகக் கின்னஸ் நூலிலும் அவர் பெயர் ஏறியது. 2018 நவம்பரில், தம் 78 ஆவது வயதில், அவர் காலமானார். அதுவரையில் வண்டியை விடவில்லை.

முப்பது இலட்சம் மைல் என்பது எவ்வளவு? மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏறக்குறைய 48 இலட்சம் கிலோமீற்றர். சந்திரன் 3,84,400 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. ஆறு முறை சந்திரனுக்குப் போய்த் திரும்பினாலும் சிறிது மிஞ்சும்!

இதில் மந்திரம் உண்டா? வொல்வோவின் உருவத்தை வரைந்தவர் பெலே பெற்றர்சன் என்னும் சுவீடன் இளைஞர். இத்தாலியின் ஃபுருவா கலைக்கூடத்தில் பயின்ற கை அது. தொலைக்காட்சியில் ‘தி செயின்ற்’ தொடரின் நாயகர் றோஜர் மூர் ஓட்டியதும் அந்த வண்டியே. ஆனால் இத்தனை சிங்காரத்துக்கும் உள்ளே இருந்த இயந்திரம் மிகச் சாதாரணமானது. அந்நிறுவனத்தின் குடும்பக் காரான ‘அமேசன்’ வண்டியிலும் அதே இனம்தான் இருந்தது. நான்கு சிலிண்டர்; பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் பெருந்தண்டை ஐந்து இடங்களில் தாங்கிப் பிடித்திருந்தனர். அக்காலத்து நாற்சிலிண்டர் இயந்திரங்கள் பலவற்றில் மூன்று தாங்கிகளே இருந்தன. தாங்குதல் கூடக் கூட அதிர்வு குறையும். அதிர்வு குறையத் தேய்வு குறையும். பட்டுச் சேலைக்குள்ளே உழவுக்காரியின் உடம்பு என்று சொல்லலாம்!

மற்றப் பாதி ஆசிரியருடையது. வண்டியோடு வந்த கைநூல் சொன்னதைச் சொன்னபடி செய்தார். 3,000 முதல் 3,500 மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினார். சாதாரணப் பராமரிப்பைத் தம் கையாலேயே செய்தார். 6,80,000 மைல் ஓடிய பின்னரே இயந்திரத்தை முதன்முறையாக முழுமையாகப் பிரித்துப் புதுக்கினர்.

அதே அழகு, வேறு விதி

ஆனால் அழகிய கூப்பே எல்லாம் இவ்விதம் உழைப்பதில்லை. 1970 இல் பிரான்ஸ் நாட்டுச் சித்ரோவன் நிறுவனம் ‘எஸ்.எம்.’ என்னும் கூப்பேயை வெளியிட்டது. திருப்பும் திசைக்கு விளக்கும் திரும்பும். மேடு பள்ளங்களை எண்ணெயும் வாயுவும் கொண்ட தொங்கமைப்பு விழுங்கிவிடும். உள்ளே இத்தாலியின் மசராட்டி தந்த ஆறு சிலிண்டர் இயந்திரம். கண்டவர் வியந்தனர். 1972 இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்று அதற்கு அவ்வாண்டின் சிறந்த கார் என்னும் பட்டமும் அளித்தது.

அந்த இயந்திரத்தின் உட்சங்கிலியை உரிய காலத்தில் இறுக்கிச் சரிசெய்ய வேண்டும். தவறினால் இயந்திரமே பாழாகும். அந்த வேலை தெரிந்தவர்களோ மிகச் சிலர். 1974 இல் சித்ரோவன் நிறுவனம் கடனில் மூழ்கிப் பேஜோவின் கைக்குப் போயிற்று. 1975 இல் எஸ்.எம். நின்றது. மொத்தம் 12,920 வண்டிகளே செய்யப்பட்டன. இன்றும் அன்போடு அதைக் காத்து ஓட்டுவோர் உண்டு. அவர்களுக்கு அருகே கைதேர்ந்த தொழிலாளர் உண்டு. உதிரிப்பாகம் தேடக் காசும் உண்டு.

இரண்டும் அழகிகளே. ஒருத்தியின் நோய்க்கு ஊரிலுள்ள வைத்தியரே போதும். மற்றவளுக்குக் கடல் கடந்த நிபுணர் வேண்டும். வேறுபாடு இவ்வளவே.

நம் நாட்டுப் பாடம்

வண்டியை நெடுங்காலம் காப்பது எப்படி என்பதை நம் நாடு தேவையினாலேயே கற்றது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்பட்டது. 1977 க்குப் பின்னரே கதவு அகலத் திறந்தது. இடைக்காலத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் நம் தொழிலாளரின் கைவண்ணத்தாலேயே ஓடின. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் வண்டிகளைப் புதுக்கும் நிலையம் ஒன்றுக்கு இலங்கையிலிருந்து உதிரிப்பாகம் செய்து அனுப்பினர் என்றால், அந்தக் கைகளின் பெருமையை வேறு சொல்ல வேண்டுமா?

2020 மார்ச்சில் மீண்டும் கதவு மூடியது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மறுபடி அனுமதிக்கப்பட்டது. இடையே 2022 இல் பெற்றோல் பங்கீடு வந்து, வண்டிகள் கொட்டகையில் உறங்கின. இதனால் நாம் அறிவது ஒன்று: இந்நாட்டில் வாங்கும் வண்டியை, நினைத்தபோது மாற்றலாம் என்று எண்ணி வாங்குதல் ஆகாது.

மழை நாட்டில் வண்டி காத்தல்

அமெரிக்க ஆசிரியரின் பாடத்தை ருவான்வெல்லைக்கு அப்படியே கொண்டுவரவும் முடியாது. அவர் ஓட்டியது பெரும்பாலும் நெடுஞ்சாலை. இயந்திரம் நன்கு சூடேறி ஒரே சீராக ஓடுவது அதற்கு நலம். நாமோ கடைக்கும் பாடசாலைக்கும் இரண்டு மைல் ஓட்டி நிறுத்துகிறோம். சூடேறுமுன் நின்றுவிடும் இயந்திரத்துள் நீராவி குளிர்ந்து எண்ணெயோடு கலக்கும். ஆகவே கைநூல் கூறும் எண்ணெய் மாற்றும் எல்லையில், கடின உபயோகத்துக்கு உரிய குறுகிய எல்லையே நமக்கு ஏற்றது. வாரம் ஒருமுறையேனும் அவிசாவளை வரையில் ஓட்டிச் சூடேற்றுவதும் நன்று.

இரண்டாவது எதிரி துரு. வருடத்துக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை காணும் ஈரவலயம் நம்முடையது. ஜனவரி, பெப்ரவரியில் இறப்பர் மரம் இலை உதிர்க்கும்போது, முன்கண்ணாடியின் அடியிலுள்ள நீர் வடியும் துவாரங்களை அவ்விலைகள் அடைத்துவிடும். நீர் உள்ளே தேங்கும், தரை துருப்பிடிக்கும். கூப்பேயின் நீண்ட கதவுகளின் அடியிலும் இத்தகைய துவாரங்கள் உண்டு. ஒரு குச்சியும் ஐந்து நிமிடமும் போதும், சிறுவரும் செய்யலாம். கதவு நீளமாதலின் பாரமும் அதிகம். அதன் கீல்களுக்குக் காலந்தோறும் எண்ணெய் இடவேண்டும்.

மூன்றாவது எதிரி காலம். ஓடாத வண்டிக்கும் வயது ஏறும். பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் நன்று. மலையிறக்கத்தில் பிறேக் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகிப் பிடி தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால், 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. தடம் தேயாவிட்டாலும் இறப்பர் முதுமையடையும். இறப்பர் நாட்டாருக்கு இதை நாம் சொல்லவும் வேண்டுமோ!

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இவ்வண்டியின் இயந்திரத்துக்கு, நம் வீதிகளில் நிறைய ஓடும் ஒரு சாதாரண வண்டியில் உடன்பிறப்பு உண்டா? உண்டெனில் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் உதிரிப்பாகம் கிடைக்கும். பழுது பார்த்த வரலாறு எழுத்தில் உண்டா? வெள்ளம் கண்ட வண்டியா? ஆசனத்தின் கீழ்த் தண்டவாளத்திலும் தரைவிரிப்பின் அடியிலும் சேறும் துருவும் தெரிகின்றனவா என்று பாருங்கள். களனி ஆற்றின் கரையில் வாழும் நாம் இதனை மறக்கலாகாது.

இன்னொன்று: விலை முழுவதையும் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டால் வண்டியைக் காக்கக் காசு எங்கே? விலைக்கு அப்பால் ஒரு பங்கை ஒதுக்கி வைக்க இயலாதவர், அவ்வண்டியை வாங்க இயலாதவர் என்றே கொள்ளவேண்டும்.

பால் வெட்டும் கை

இவற்றையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு லயத்துக்குச் சென்றோம். இளைஞர் வரிவரியாகக் கேட்டார். தந்தையார் திண்ணையில் அமர்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நாம் நிறுத்தியதும் மெல்லச் சொன்னார்: “இறப்பர் மரமும் அப்படித்தானுங்க ஐயா. பட்டையை அளவாகச் சீவினால் இருபது வருஷத்துக்கு மேல் பால் தரும். பேராசைப்பட்டு ஒரு நாள் ஆழமாக வெட்டினால் காயம் பட்டு அந்த இடத்தில் முடிச்சு விழுந்துவிடும். மரம் நல்ல மரமாக இருந்தால் மட்டும் போதாது. வெட்டுகிற கையும் நல்ல கையாக இருக்கவேண்டும்.”

நாம் மூன்று பக்கத்தில் எழுதியதை அவர் மூச்சொன்றில் சொல்லிவிட்டார்.

சிவப்பு வண்டியின் சொந்தக்காரரிடம் பழுது பார்த்த வரலாறு கேட்டபோது ஏடு எதுவும் இல்லை என்றாராம். ஆசனத்தின் கீழே விரலை விட்டுப் பார்த்த இளைஞரின் விரல்நுனியில் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது. வண்டி வந்த வழியே திரும்பிற்று. தங்கையின் படிப்புச் செலவு தனியாக வங்கியில் இருக்கிறது. ஆசையை அவர் விட்டுவிடவில்லை. சாதாரண இயந்திரமும், எழுதிவைத்த வரலாறும், லயத்துப் பாதையில் அடி உரசாத உயரமும் உள்ள ஒரு கூப்பேயை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

கிடைக்கும் என்றே நாம் நம்புகிறோம். கிடைக்கும் நாளில் அதன் முதல் எண்ணெய் மாற்றத்தைக் குறித்துவைக்க ஒரு புதுக் கொப்பியை இப்போதே வாங்கி வைத்திருக்கிறாள் தங்கை.