கல் பொறுக்குபவர்கள்

விருந்து நன்றாயிருந்தால் சமைத்தவரைப் புகழ்கிறோம், பரிமாறியவரையும் நினைத்துக்கொள்கிறோம். முதல் நாள் இரவு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கியவரை யாரும் நினைப்பதில்லை. வாயில் ஒரு கல் கடிபட்டால்தான் அப்படி ஒருவர் உண்டு என்பதே ஞாபகத்துக்கு வருகிறது!

நம்முடைய தொழில் உபாத்தியாயத் தொழில். கேள்வித்தாள்களை நாமே கம்ப்யூட்டரில் அச்சுக் கோத்துக்கொள்வது வழக்கம். சென்ற வருஷம் பரீட்சைக்கு ஐந்தே நாள் இருக்கையில் கம்ப்யூட்டரிலுள்ள மென்பொருள்களையெல்லாம் புதுப்பித்தோம். மறுநாள், முன்பெல்லாம் அழகாக வந்துகொண்டிருந்த கேள்வித்தாள் பாதி வழியில் நின்று பிழைச் செய்திகளைக் கக்கிற்று. புதுப்பித்துக் கொடுத்த மகானுபாவர்கள் மேல் நமக்கு உண்டான கோபம் கொஞ்சமன்று. இரண்டு இரவு கண் விழித்த பிறகு குற்றவாளி அகப்பட்டார். அவர் வேறு யாருமில்லை, நாமேதான்!

ஐந்து வருஷத்துக்கு முன் அவசரத்துக்கு ஒரு கோப்பை எங்கிருந்தோ கொண்டுவந்து, நம் சொந்த அடைவில் வைத்து மறந்துவிட்டிருந்தோம். வீட்டுக்காரர் தாமே வைத்த கோப்பைத்தான் அந்த மென்பொருள் முதலில் எடுக்கும். சுற்றிலும் எல்லாம் புதிதாயிருக்க, இது ஒன்று மட்டும் பழையதாக நின்று காரியத்தைக் கெடுத்துவிட்டது. அந்த இரண்டு இரவுகளில், கல் பொறுக்குபவர்களின் வேலை இன்னதென்று தெரிந்துகொண்டோம். அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

அச்சுக் கோக்கும் அந்த மென்பொருளுக்கு டெக் என்று பெயர். அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையின் பேராசிரியர் டொனால்டு நூத், 1977-ம் வருஷத்தில் தமது கிரந்தம் ஒன்றின் புரூப் தாள்களைப் பார்த்து மனம் வெதும்பினார். முதற் பதிப்பை ஈய எழுத்துக்களால் அழகாக அச்சிட்டிருந்தார்கள். மறுபதிப்பிலோ புதிய யந்திரம் கோத்த எழுத்துக்கள் கண்ணுக்குச் சகிக்கவில்லை. சில மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்து அவர் தொடங்கிய வேலை, ஏறக்குறையப் பத்து வருஷத்தை விழுங்கிற்று. முடித்ததை உலகத்துக்கு இலவசமாகவே கொடுத்தார். பிழை கண்டுபிடிப்பவர்களுக்கு 2.56 டாலருக்குச் செக் அனுப்பினார். பெற்றவர்களில் பலர் அதைப் பாங்கியில் மாற்றாமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள்!

டெக்கைச் சுற்றி இன்று நாலாயிரத்துக்கு மேற்பட்ட துணைப் பொதிகள் வளர்ந்திருக்கின்றன. எல்லாவற்றையும் திரட்டி, டெக் லைவ் என்ற பெயரில் வருஷத்துக்கு ஒரு முறை வெளியிடுகிறார்கள். டெபியன் என்பது 1993-ல் தோன்றிய ஒரு லினக்ஸ் விநியோகம். ஸ்தாபகர் இயன் மர்டாக், பிற்பாடு தமக்கு மனைவியான டெப்ராவின் பெயரோடு தம் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார். டெக் லைவை டெபியனுக்கு ஏற்றபடி பொட்டலம் கட்டித் தருகிறவர்கள் சம்பளம் வாங்காத சில தொண்டர்கள்.

பொட்டலம் கட்டுவதென்றால் காகிதத்தில் மடித்துக் கட்டுகிற வேலையன்று. முதலில், ஒவ்வொரு பொதியையும் யாரும் திருத்தலாம், பகிரலாம் என்ற அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையேல் விலக்கிவிட வேண்டும். முழுச் சரக்கும் பல ஜிகாபைட். ஆகையால், வேண்டியவர் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி அதைப் பகுக்க வேண்டும். தமிழில் அச்சுக் கோக்க ஸீடெக் ஒரு பொட்டலத்தில் இருக்கிறது. லோஹித் தமிழ் எழுத்துரு வேறொன்றில் இருக்கிறது. மேலும், டெக் தன் விதிகளை ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிப்பதில்லை. முன்கூட்டியே அரைத்த மாவைப் போல ஆயத்தமாக வைத்துக்கொள்கிறது. மென்பொருள் புதிதானால் மாவையும் புதிதாக அரைத்தாக வேண்டும். இதையெல்லாம் நமக்குத் தெரியாமலே பொட்டலம் செய்து முடித்துவிடுகிறது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, ஏழு வகைக் கம்ப்யூட்டர்களில் ஓடுகிறது. அத்தனையிலும் இது பிசகாமல் நடக்க வேண்டும்.

அந்த டெபியன் 13-ல் இருப்பது டெக் லைவ் 2024. 2025-ம் வருஷத்துப் பதிப்போ மார்ச்சு மாதத்திலேயே வெளிவந்துவிட்டது. "சோம்பலா?" என்று கேட்கத் தோன்றும். சோம்பலன்று. வேறு எத்தனையோ மென்பொருள்கள் தங்கள் விளக்க நூல்களைத் தயாரிக்க டெக்கையே நம்பியிருக்கின்றன. பந்தி தொடங்கும் நேரத்தில் அடுப்பை மாற்றினால் எல்லோருக்கும் இலை காலியாகும். எனவே, புதியதைக் கொண்டுவரத் தெரிவது போலவே, வேண்டாமென்று நிறுத்தத் தெரிவதும் இத்தொழிலின் இலக்கணம்.

சச்சரவும் இல்லாமலில்லை. டெக்கை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றியதற்கு அந்தப் பெயரை மட்டும் இடலாகாது என்பது நூத்தின் கட்டளை. டெக் மீது எழுந்த லேடெக்கின் ஆசிரியர்களோ, மாற்றிய ஒவ்வொரு கோப்புக்கும் வேறு பெயர் வேண்டும் என்றார்கள். ஒரே கையெழுத்துப் பிரதி இரண்டு ஊரில் இரண்டு விதமாக அச்சாகிவிடக் கூடாதே என்பது அவர்கள் கவலை. "திருத்தும் சுதந்திரம் இதனால் குறைகிறதே!" என்றனர் டெபியன்காரர்கள். நீண்ட வாதத்துக்குப் பின், இரு சாராரும் ஒப்பும்படி உரிமப் பத்திரம் திருத்தப்பட்டு 2003-ல் வெளிவந்தது. இரு பக்கத்திலும் நியாயம் இருந்ததென்றே நமக்குத் தோன்றுகிறது. சுதந்திரம் இல்லாவிட்டால் பிழையைத் திருத்த வழியில்லை. பெயரில் நாணயம் இல்லாவிட்டால், பத்து வருஷத்துக்கு முன் எழுதி வைத்ததை நம்பித் திரும்பத் திறக்க முடியாது.

இத்தனையும் சிலருடைய ஓய்வு நேரத்தின் மேல் நிற்கிறது என்பதை எண்ணினால் சற்று அச்சமாகவே இருக்கிறது. டெடெக் என்ற பழைய தொகுப்பை நெடுங்காலம் நடத்திவந்த தாமஸ் எஸ்ஸர் 2006-ல் அதை நிறுத்திக்கொண்டார். டெக் லைவ் ஆயத்தமாயிருந்ததால் டெபியன் அதற்கு மாறிற்று. இல்லாவிட்டால் என்னவாகியிருக்கும்?

நம் பரீட்சை குறித்த நாளில் நடந்தது. மாணவர்கள் அதற்காக யாருக்கும் நன்றி சொல்லவில்லை! நாம் அந்தத் தொண்டர்களுக்கு மனத்துக்குள் நன்றி செலுத்தினோம். இனி சாதத்தில் கல் கடிபட்டால், பிறரைக் குறை கூறுமுன் முதலில் நம் முறத்தைப் பார்ப்பது என்று தீர்மானித்திருக்கிறோம்.